வாசகர் கேள்வி – பதில்: சுருதி சேர்ப்பதை வெட்டாதீர்கள்

போன இதழில், ஜார்ஜ் ஹாரிசன் என்ற, பீட்டில்ஸ் ராக் குழுவின் கிதார்க்காரருக்கு அவர் சிநேகிதர்கள் நடத்திய அஞ்சலிக் கச்சேரிப் படத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ராக் சங்கீதத்துக்கும் செட்டிநாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆசிரியர் கேட்டார். கடிதக் கட்டை அப்படியே அவர் மேசையில் வைத்துவிட்டேன்.

கேள்வி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மகன் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். ஆரம்பம் நம்ம கோயில் மாதிரி இருந்தது, சுலோகம், மிருதங்கம், சிதார் என்று. நடுவில் நாலு பேர் வந்து கோமாளிக் கூத்து அடிக்கிறார்கள். செத்தவருக்கு அஞ்சலி செலுத்துகிற இடத்தில் இது என்னங்க? – செக்காலை வாசகர், காரைக்குடி

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், படம் பார்க்காதவர்களுக்கும் உதவும். ஹாரிசன் 2001 நவம்பர் 29-ல் புற்றுநோயில் போனார், வயது 58. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2002-ல் அதே தேதியில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இந்தக் கச்சேரி நடந்தது. நாமாக இருந்தால் திதி பார்த்திருப்போம், அவர்கள் தேதி பார்த்தார்கள். மனைவி ஒலிவியாவும் மகனும் முன்னின்று நடத்த, இசைப் பொறுப்பை அவர் சிநேகிதரான கிதார்க்காரர் எரிக் கிளாப்டன் ஏற்றுக்கொண்டார். டேவிட் லீலண்ட் இயக்கத்தில் 2003-ல் படமாக வந்தது. வசூலான பணம் ஹாரிசன் 1973-லேயே தொடங்கி வைத்த அறக்கட்டளைக்குப் போனது.

ஆரம்பத்தில் நீங்கள் கேட்ட சுலோகம் ‘சர்வேஷாம் ஸ்வஸ்திர் பவது’. எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று அர்த்தம். 1997-ல் சிதார் கலைஞர் ரவிசங்கரும் ஹாரிசனும் சேர்ந்து மந்திரங்களை வைத்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார்கள், இந்தச் சுலோகம் அதில் உண்டு. அந்தத் தட்டுக்கான பதிவு கொஞ்சம் நம்ம சென்னையில், மீதி இங்கிலாந்தில் ஹாரிசன் வீட்டில். ஆகவே கோயில் மாதிரி இருந்தது என்று உங்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை.

கூத்துக்கு வருவோம். 90 வயதில் பேரன், கொள்ளுப்பேரன் எல்லாம் பார்த்துவிட்டுப் போனால் நாமே கல்யாணச் சாவு என்று கொட்டு வைத்து அனுப்புகிறவர்கள்தான், ஆனால் 58 வயசு அந்தக் கணக்கில் வராது. இந்தச் சிரிப்புக்குக் காரணம் வேறு. வந்த கோமாளிகள் மான்ட்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு, ஹாரிசனுக்கு அவர்கள் மேல் பைத்தியம். அவர்கள் எடுக்கவிருந்த ஒரு படத்துக்குப் பணம் போடுவதாக இருந்தவர்கள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஹாரிசன் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்தார், படம் 1979-ல் வந்தது. எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம். ஒரு சினிமா டிக்கெட்டுக்கு இவ்வளவு விலை யாரும் கொடுத்ததில்லை என்று அந்தக் குழுவில் ஒருவர் பிற்பாடு கேலி செய்தார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு, வீட்டையே அடமானம் வைத்துக் கொடுத்த நன்றியில் அழுதுகொண்டா நிற்பார்கள்? அவருக்குப் பிடித்ததைச் செய்தார்கள். (முதல் பாட்டு முடிந்து அவர்கள் திரும்பி நிற்கிற இடத்தில் அப்பத்தா பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆகிவிட்டதென்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது.)

நம்ம பக்கத்தில் படைப்பு வைக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். இறந்துபோன முன்னோருக்குப் புது வேட்டி, சேலை எடுத்து வைத்து, இலை போட்டு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பரிமாறுகிறோம். ‘எனக்கு நல்லா வரும்’ என்று யாரும் தன் கைப்பக்குவத்தைக் காட்டச் சமைப்பதில்லை, ‘அப்பச்சிக்கு இது பிடிக்கும்’ என்றுதான் சமைக்கிறோம். இந்தக் கச்சேரிக்கென்றே ரவிசங்கர் 82 வயதில் ஒரு பெரிய உருப்படி எழுதிக் கொடுத்தார். அவர் மகள் அனுஷ்கா நடுவில் நின்று வாத்தியக் குழுவை நடத்தினார், 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும். அதன் பெயர் ‘அர்ப்பண்’. நம்ம ஊரில் சொன்னால் படைப்பு.

கேள்வி: அந்தப் படத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியது எது? முழுக்கப் பார்க்கப் பொறுமை இல்லை. – வாசகர், புதுவயல்

பொறுமை இல்லாதவர்களுக்கென்றே தியேட்டர் பதிப்பு இருக்கிறது. ஒத்திகை, பேட்டி எல்லாம் நடுநடுவே வரும், பாட்டுகள் குறைவு. முழுக் கச்சேரிப் பதிப்பு தனி. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், ஆனாலும் ஒத்திகைக் காட்சிகளுக்காக முதலாவதையும் விட மனசு வராது.

பார்க்க வேண்டியவை என்று கேட்டால் இரண்டு சொல்வேன். ஒன்று, ஹாரிசனோடு பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னி சின்னதாக ஒரு உக்குலேலேயை வைத்துக்கொண்டு வருகிற இடம். நாலே நரம்பு, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். ஹாரிசன் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சாப்பாடு முடிந்ததும் உக்குலேலேக்கள் வெளியே வந்துவிடும் என்று சொல்லிவிட்டு, ஹாரிசனுடைய மிகப் பிரபலமான காதல் பாட்டை அதை ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்குகிறார். பாதியில் மொத்த வாத்தியமும் வந்து சேரும். உலகத்தில் அவ்வளவு பெரிய பாடகர், அந்த மேடையில் குரலை உயர்த்திக் காட்டவே இல்லை.

இரண்டாவது, கிளாப்டன். இவர் யார் தெரியுமா? ஹாரிசனின் முதல் மனைவியைப் பிற்பாடு கட்டிக்கொண்டவர். நம்ம ஊராக இருந்தால் ரெண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது, ஒருத்தர் வீட்டுக் கேதத்துக்கு இன்னொருத்தர் போகமாட்டார். இங்கே அந்த மனுஷன்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் யார் எங்கே நிற்பது, யார் எப்போது வாசிப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார். கேமரா அவர் முகத்துக்குப் போகும்போதெல்லாம் கவனியுங்கள். அவர் கண் கூட்டத்தின் மேல் இருக்காது, பக்கத்தில் வாசிக்கிறவர்கள் மேலேயே இருக்கும்.

கேள்வி: மேடையில் நிற்கிற மகன் பெயர் ‘தனி’ என்று சொல்கிறார்களே, தமிழ்ப் பெயரா? – மாணவி, தேவகோட்டை

இல்லையம்மா. ச ரி க ம ப த நி-யில் கடைசி இரண்டு சுரம், த, நி. இந்துஸ்தானியில் தைவதத்தை ‘த’ என்று கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். பையன் அச்சு அசல் அப்பா முகம். ஜார்ஜ் மட்டும் இளமையாகவே இருந்துவிட்டான், நமக்கெல்லாம் வயதாகிவிட்டது போலிருக்கிறது என்று ஒலிவியா சொன்னதாக மெக்கார்ட்னி மேடையிலேயே சொல்கிறார்.

கேள்வி: அண்ணே, எங்க அய்யா இந்தப் பக்கத்தில் ரொம்ப காலம் மெல்லிசைக் குழு வைத்திருந்தவர், எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பார். தலைத்திவசம் வருகிறது. பழைய குழுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு வளவிலேயே (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) கச்சேரி வைத்து நல்லபடியாகப் படம் எடுத்து வைக்க ஆசை. ரெண்டு கேமரா இருக்கிறது. யோசனை சொல்லுங்கள். – வாசகர், பள்ளத்தூர்

தம்பி, உங்கள் கடிதத்துக்காகத்தான் இந்தத் தடவை மற்ற கேள்விகளைக் குறைத்துக்கொண்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சிநேகிதர் ஒருவர் நினைவாக இதேபோல ஒன்று நடத்தி நான் நன்றாகச் சூடுபட்டிருக்கிறேன்.

முதல் வேலையாக, ஆள் இல்லாத நேரத்தில் வளவில் நின்று ஒரு தரம் கையைத் தட்டிப் பாருங்கள். முட்டை வெள்ளைக் கரு கலந்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், கீழே ஆத்தங்குடிக் கல். முகம் பார்க்கிற அளவு வழவழப்பு, அதனால் சத்தம் எதிலும் ஒட்டாது, துள்ளித் துள்ளித் திரும்பி வரும். ஒற்றைக் குரலுக்கு அது அழகு, டிரம்ஸ் வைத்தால் சர்வநாசம். டிரம் செட் வேண்டாம், தபலாவும் டோலக்கும் போதும். பெட்டகத்தில் கிடக்கிற சமுக்காளத்தை எல்லாம் எடுத்து வாத்தியக்காரர்களுக்குக் கீழே விரியுங்கள், அவர்களுக்கு எதிர்ச் சுவரிலும் தொங்கவிடுங்கள். ஜனம் வந்து உட்கார்ந்ததும் இன்னும் அடங்கும். ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பாதீர்கள், சின்ன ஸ்பீக்கராக நாலு வைத்து ஆட்களுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். முற்றம் திறந்திருப்பது நமக்கு நல்லது, பாதிச் சத்தம் மேலே போய்விடும். புறாவும் வரும், அதை ஒன்றும் செய்ய முடியாது.

நம்ம வீடுகளில் இன்னொரு வசதி, முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. ஜெனரேட்டரைப் பின்வாசலுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டால் மூன்று கட்டு தாண்டி அதன் இரைச்சல் வளவுக்கு வராது.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை, பாட்டு கரகரவென்றிருந்தால் யாரும் ரெண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள். மிக்ஸரிலிருந்து நேராக ஒயர் எடுத்துத் தனி ரெக்கார்டரில் பதியுங்கள், ஒவ்வொரு மைக்கையும் தனித்தனி டிராக்கில் எடுக்க முடிந்தால் இன்னும் விசேஷம். ரெக்கார்டரில் சத்த அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும், உணர்ச்சிவசப்பட்டு யாராவது உச்சஸ்தாயிக்குப் போனால் கிழியாது. அது தவிர ரெண்டு மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். கைதட்டும் செருமலும் இல்லாமல் வெறும் மிக்ஸர் சத்தம் மட்டும் இருந்தால் காலி மண்டபத்தில் பாடின மாதிரி ஆகிவிடும். எல்லாக் கேமராவும் ஓட ஆரம்பித்த பிறகு ஒருவர் நடுவில் வந்து பளிச்சென்று ஒரு தட்டு தட்டட்டும், பிறகு படத்தையும் சத்தத்தையும் பொருத்த அது உதவும். சினிமாவில் கிளாப் அடிப்பதும் இதற்குத்தான்.

ரெண்டு கேமராவில் ஒன்று முழு மேடையும் தெரிகிற மாதிரி நிற்கட்டும், கச்சேரி முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. மற்றது முகத்துக்கும் விரலுக்கும். ரெண்டிலும் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று ஒரே மாதிரி வையுங்கள், நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் எல்இடி விளக்கு படத்தில் மினுக்காமல் இருக்கும். நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பாலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒரு கேமராவில் எல்லாரும் மஞ்சள் பூசிக்கொண்டு இருப்பார்கள், இன்னொன்றில் ஜன்னி கண்ட மாதிரி நீலம்.

என் கதை என்ன ஆனதென்றால், நாங்கள் பிடித்த வீடியோக்காரர் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் இருந்தார். சிநேகிதரோடு முப்பது வருஷம் வாசித்த வயலின்காரர், வாசிக்க முடியாமல் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். அந்த நேரத்தில் கேமரா பந்தியில் இருந்தது. இலையில் பணியாரம் விழுகிற காட்சி அருமையாகப் பதிவாகியிருக்கிறது, வயலின் சத்தம் மட்டும் எங்கோ பின்னால். எடுக்கிறவரிடம் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்து, எந்த இடத்தில் யார் முகம் என்று முதல் நாள் ஒத்திகையிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சுருதி சேர்ப்பதை வெட்டாதீர்கள். 1971 ஆகஸ்ட் 1-ல் வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் ஹாரிசனும் ரவிசங்கரும் நடத்திய கச்சேரிப் படத்தில், ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் பாட்டென்று நினைத்துக் கைதட்டும். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்ததென்றால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்பார் அவர். வெட்டியிருந்தால் அது போயிருக்கும். உங்கள் அய்யாவின் கூட்டாளிகள் ரொம்ப நாள் கழித்து ஒன்றாக உட்கார்ந்து நரம்பை முறுக்குகிறபோது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது பாட்டைவிட உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும்.

அய்யாவின் கிதார்? அதை மாலை போட்டு நாற்காலியில் சாத்தி வைக்க யோசித்திருப்பீர்கள். ஒரு பாட்டுக்காவது யாராவது எடுத்து வாசிக்கட்டும், புது நரம்பு மாற்றி.

கேள்வி: சினிமாப் பாட்டைப் பாடி இப்படிக் கச்சேரி வைத்தால் அனுமதி வாங்கவேண்டுமா? – வாசகி, கோனாபட்டு

வீட்டோடு, கட்டணம் இல்லாமல், சொந்தபந்தத்துக்கு நடத்தினால் யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. மண்டபம் பிடித்து டிக்கெட் போட்டால் கதை வேறு, பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சேரவேண்டியதை ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு வசூலிக்கிறது, அங்கே உரிமம் வாங்கவேண்டும். எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை பாட்டுக்கு உரிமை உண்டு. நம்ம கண்ணதாசன் போனது 1981-ல், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றினால் அதன் இயந்திரமே பாட்டைக் கண்டுபிடித்து, விளம்பர வருமானத்தை உரிமைக்காரருக்குத் திருப்பிவிடலாம், சில சமயம் வீடியோவையே முடக்கிவிடும். வீட்டுக்கு மட்டும் என்றால் பென் டிரைவில் போட்டு ஆளுக்கொன்று கொடுங்கள்.

கேள்வி: உயிரோடு இருக்கும்போது கண்டுகொள்ளாமல் செத்த பிறகு என்ன கச்சேரி? – வாசகர், கண்டனூர்

நியாயம். ஆனால் கம்பன் போய் எத்தனை நூற்றாண்டு ஆகிறது, 1939-லிருந்து காரைக்குடியில் கம்பன் விழா எடுத்து, கடைசி நாள் நாட்டரசன்கோட்டையில் அவர் சமாதிக்குப் போய்த்தானே முடிக்கிறோம். அதையும் நிறுத்திவிடலாமா?

கேள்வி: பள்ளத்தூர்த் தம்பி கேட்ட விஷயம் எங்கள் வீட்டிலும் நடக்கப்போகிறது. வருகிறவர்களுக்குக் கச்சேரி நடுவில் என்ன பலகாரம் கொடுக்கலாம்? – ஆச்சி ஒருவர், கானாடுகாத்தான்

நடுவில் ஒன்றும் கொடுக்காதீர்கள் ஆச்சி. முடிந்த பிறகு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், கந்தரப்பமும் போதும், காபி இருந்தால் சரி. தட்டு பாக்குமட்டையில் இருக்கட்டும், டம்ளர் காகிதத்தில். எங்கள் பதிவில் இரண்டாவது பாட்டின் பல்லவி முடிகிற இடத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் விழுந்து, ஆத்தங்குடிக் கல்லில் வளவு முழுக்க உருண்டு, தூணில் முட்டி நிற்கிறது. எந்த எடிட்டராலும் அதை எடுக்க முடியவில்லை. இப்போது அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த இடத்தில் டம்ளருக்காகக் காத்திருக்கிறேன்.