டெக்சாஸில் மகள் 11-ம் வகுப்பு போகிறாள். பள்ளியில் இருக்கும்போதே கல்லூரி சைக்காலஜி எடுக்கலாமா? ஏபியா, டூயல் கிரெடிட்டா?

மகளுக்கு மருத்துவம் படிக்க ஆசை, பள்ளியில் ஏபி சைக்காலஜியும் உண்டு, கம்யூனிட்டி காலேஜ் வழியாக டூயல் கிரெடிட்டும் உண்டு, "சைக்காலஜி சுலபம்தானே, எதை எடுத்தால் என்ன" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஏபி என்பது பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடம், முடிவில் ஒரு பொதுத் தேர்வு. டூயல் கிரெடிட் என்பது காலேஜ் பாடத்தையே எடுத்து, பள்ளி, கல்லூரி இரண்டின் கணக்கிலும் சேர்த்துக்கொள்வது; அந்தக் கணக்கின் அலகுதான் கிரெடிட். ஏபி தேர்வில் மதிப்பெண் குறைந்தால் அதைக் கல்லூரிகளுக்கு அனுப்பாமலே விட்டுவிடலாம். டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு 16 வயதில் வாங்கியதாக இருந்தாலும் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவில்) ஏறிவிடும், பிறகு அழிக்க முடியாது. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது ஏஎம்சிஏஎஸ், டெக்சாஸின் டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்ற இரண்டு பொது விண்ணப்பச் சேவைகளுமே பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் கேட்கும், ஜிபிஏ (சராசரி கிரேடு) கணக்கிலும் சேர்க்கும். 11-ம் வகுப்பில் அலட்சியமாக வாங்கிய ஒரு சி, நாலைந்து வருடம் கழித்து அந்த விண்ணப்பத்தில் வந்து நிற்கும். பெரும்பாலான பெற்றோருக்கு இது கடைசியில்தான் தெரியவருகிறது.

டூயல் கிரெடிட்டின் பலம் வேறு இடத்தில். டெக்சாஸில் இந்தப் பாடத்தின் பொது எண் பிஎஸ்ஒய்சி 2301. முதல் இலக்கம் பாடத்தின் நிலை, இரண்டாவது கிரெடிட் எண்ணிக்கை, அதாவது 3. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் 42 கிரெடிட் பொதுப்பாடத் திட்டத்தில் சமூக அறிவியல் பிரிவு என்று 3 கிரெடிட் இருக்கிறது. இந்தப் பாடம் வழக்கமாக அங்கேதான் போய் உட்காரும். செமஸ்டர் முழுக்க ஒழுங்காகப் படித்து சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் வேலை முடிந்தது. ஏபியில் அப்படியில்லை, வருடம் பூராவும் படித்தது மே மாதத்தில் ஒரே நாளில் தீர்மானமாகிறது. மகள் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவாள் என்பது உறுதியென்றால் டூயல் கிரெடிட் நல்ல வழி. வெளி மாநிலத் தனியார் கல்லூரிகளும் மனதில் இருந்தால் ஏபிதான் பாதுகாப்பு. பள்ளிப் படிப்பை முடிக்கக் கணக்கில் எடுத்துக்கொண்ட பாடத்துக்கு மறுபடி கல்லூரி கிரெடிட் கிடையாது என்று சொல்லும் தனியார் கல்லூரிகள் பல. விண்ணப்பிக்க நினைக்கும் நான்கைந்து கல்லூரிகளின் கிரெடிட் மாற்று விதியை இப்போதே வாசித்துவிடுங்கள், அரை மணி நேர வேலைதான்.

என்னைக் கேட்டால், இது அவளுடைய முதல் கல்லூரி நிலைப் பாடம் என்றால் 11-ம் வகுப்பில் ஏபி. பள்ளியில் ஏபி வகுப்பு சரியாக நடப்பதில்லை என்றாலோ, அவளுக்குத் தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் பழக்கம் ஏற்கனவே இருந்தாலோ, 16 வார ஃபால் செமஸ்டரில் நேரடி வகுப்பாக டூயல் கிரெடிட். கோடைக்கால 8 வார வகுப்பு வேண்டவே வேண்டாம். 3 கிரெடிட் என்றால் வகுப்பில் 3 மணி, வெளியே 6 மணி, வாரத்துக்கு 9 மணி நேரம். அதே பாடத்தை 8 வாரத்துக்குள் அமுக்கினால் வாரம் 18 மணி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் இரண்டு அத்தியாயம் போயிற்று.

ஏபி தேர்வு 2025 மே முதல் புது வடிவத்தில், முழுக்க கம்ப்யூட்டரில் நடக்கிறது. 90 நிமிடத்தில் 75 கொள்குறிக் கேள்விகள், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்குக்கு 70 நிமிடத்தில் இரண்டு எழுத்துக் கேள்விகள். முதலாவதில் ஒரே ஓர் ஆய்வின் சுருக்கத்தைக் கொடுத்து, என்ன ஆய்வு முறை, எதை எப்படி அளந்தார்கள், புள்ளிவிவரம் என்ன சொல்கிறது, எந்த நெறிமுறை பின்பற்றப்பட்டது, முடிவு யாருக்கெல்லாம் பொருந்தும் என்று கேட்பார்கள். இரண்டாவதில் மூன்று ஆய்வுகளின் சுருக்கத்திலிருந்து ஒரு வாதத்தை ஆதாரத்தோடு கட்ட வேண்டும். ஆகவே 2024-க்கு முந்தைய பழைய கைடுகள் எழுத்துப் பகுதிக்கு உதவாது. அவற்றில் இருப்பது சொல் விளக்கக் கேள்விகள்.

இனி, "சுலபம்" என்ற பேச்சு. முதல் தேர்விலேயே பல பிள்ளைகள் சறுக்குகிறார்கள். காரணம், கனவு, காதல், ஆளுமை என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது ஆராய்ச்சி முறையும் மூளையும் நரம்பணுவும். ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் மின்னழுத்தம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட், சோடியம் உள்ளே பாய்வது, பொட்டாசியம் வெளியேறுவது என்று போகும். உயிரியல் எடுத்தவர்களுக்கு இது பழகிய இடம். ஆராய்ச்சி முறையில்தான் எல்லோரும் தடுக்குகிறார்கள். ஊரிலுள்ள எல்லா மாணவர்களிலிருந்தும் 200 பேரைக் குலுக்கல் முறையில் பொறுக்குவது ஒன்று. அந்த 200 பேரை நாணயம் சுண்டி இரண்டு குழுவாகப் பிரிப்பது இன்னொன்று. முன்னது இருந்தால் முடிவை ஊர் முழுமைக்கும் பொருத்திச் சொல்லலாம். பின்னது இருந்தால்தான் "இதனால் அது நடந்தது" என்று காரணம் சொல்ல முடியும். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் "ராண்டம்" என்றே தொடங்கும் பெயர் இருப்பதால் குழப்பம். இது ஒன்றைத் தெளிவாகப் பிடித்தாலே ஏபி எழுத்துப் பகுதியில் பாதி பயம் போய்விடும்.

இரண்டாவது கண்ணி, அன்றாடம் புழங்கும் சொற்கள் பாடத்தில் வேறு அர்த்தத்தில் வருவது. காரில் ஏறியதும் பீப், பீப் என்று கத்துகிறது. பெல்ட்டைப் போட்டதும் சத்தம் நிற்கிறது. அடுத்த நாள் ஏறியவுடனே கை தானாக பெல்ட்டுக்குப் போகிறது. இது என்ன? "நெகட்டிவ்" என்றால் கெட்டது என்று நினைத்துப் பலர் தண்டனை என்று குறிப்பார்கள். கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: செயல் கூடியதா, குறைந்ததா? ஏதாவது சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா? பெல்ட் போடும் செயல் கூடியது, ஆகவே வலுவூட்டல் (ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்). சத்தம் நீக்கப்பட்டது, ஆகவே எதிர்மறை, அதாவது நெகட்டிவ். எதிர்மறை வலுவூட்டல், அவ்வளவுதான். இரண்டு கேள்வியையும் இதே வரிசையில் கேட்டால் தவறு வராது. வரிசை மாறும்போதுதான் சத்தம் எரிச்சலூட்டுகிறதே, அப்படியானால் தண்டனைதான் என்று புத்தி ஓடும்.

இதனால்தான் ஃபிளாஷ் கார்டில் வரையறையை மட்டும் எழுதுவது வீண். ஒரு பக்கம் பீப் சத்தம் மாதிரி ஒரு நிகழ்வு, மறுபக்கம் அதன் பெயரும் ஒரு வரிக் காரணமும் இருக்க வேண்டும். குழம்பக்கூடிய ஜோடிகளை ஒன்றாகக் கலந்து படிக்க வேண்டும்: எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும், புலனுணர்வும் (சென்சேஷன்) புலன்காட்சியும் (பெர்செப்ஷன்), பழைய நினைவு புதியதைக் கெடுப்பதும் புதியது பழையதைக் கெடுப்பதும். தேர்வு கேட்பது இந்த ஜோடிகளைப் பிரித்தறியும் திறனைத்தான்.

மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு மூன்று தடவை வாசிப்பது ஏன் போதாது என்பதற்கும் இந்தத் துறையிலேயே பதில் இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். வாசித்தபின் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. முந்தின இரவு வாசித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது அந்த 5 நிமிட உணர்வு. ஒவ்வோர் அத்தியாயத்தையும் முடித்ததும் புத்தகத்தை மூடி வெள்ளைத்தாளில் எழுதிப் பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து இன்னொருமுறை. புத்தகம் வாங்கும் முன் பேராசிரியரின் சிலபஸைப் பாருங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்டிருக்கும் சைக்காலஜி பாடநூல் இணையத்தில் இலவசம், 16 அத்தியாயங்கள், அடிப்படை எல்லாம் அதில் இருக்கிறது.

டூயல் கிரெடிட் என்று முடிவானால் அலுவல் வேலைகளில் கவனம் வேண்டும். டிஎஸ்ஐ என்ற டெக்சாஸ் கல்லூரித் தயார்நிலைத் தேர்வில் வாசிப்பு-எழுத்துப் பகுதி தேவைப்படலாம். எஸ்ஏடி, ஏசிடி மதிப்பெண் போதுமானதாக இருந்தால் விலக்கு உண்டு. காலேஜ் வளாகத்துக்கே போய்ப் படிப்பதென்றால் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று செமஸ்டர் தொடங்க 10 நாளுக்கு முன் போய்ச் சேர வேண்டும், ஊசி கடந்த 5 ஆண்டுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். 7-ம் வகுப்பில் போட்டது காலாவதி ஆகியிருக்கலாம், தேதியைப் பாருங்கள். இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு ஃபாஸ்ட் என்ற மாநிலத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கல்லூரிகளில் கட்டணமே கிடையாது.

பாடம் ஒத்துவரவில்லை என்றால் செமஸ்டர் தொடங்கியதிலிருந்து காலேஜில் வகுப்பு நடக்கும் 12-வது நாளுக்குள் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. அதற்குப் பின், காலேஜ் காலண்டரில் இருக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால் டபிள்யூ என்ற விலகல் குறி விழும். அது ஜிபிஏவைத் தொடாது, ஆனால் பார்வைக்குத் தெரியும். மிக மோசமாக முடிவது மூன்றாவது வகை: பள்ளி கவுன்சலரிடம் சொல்லி டைம்டேபிளை மாற்றிக்கொண்டு, காலேஜுக்கு முறைப்படி சொல்லாமல் போவதை நிறுத்திவிடுவது. காலேஜ் பதிவேட்டில் பெயர் அப்படியே இருக்கும், கடைசியில் எஃப் விழும். இரண்டு இடத்திலும் விலகல் பதிவானதை எழுத்தில் வாங்குங்கள்.

கல்லூரிப் பாடம் என்பதால் ஃபெர்பா என்ற மாணவர் பதிவு ரகசியச் சட்டப்படி அந்தப் பதிவுகளின் உரிமை வயதைப் பார்க்காமல் மாணவிக்கே. பேராசிரியருக்கு நீங்கள் மெயில் போட்டால் பதில் வராமல் போகலாம், அது அலட்சியமல்ல. அவள்தான் எழுத வேண்டும், அதுவும் பாட எண், செக்‌ஷன் குறிப்பிட்டு, இரண்டு மூன்று வரியில். முதல் வாரத்திலேயே கேட்க வேண்டிய ஒன்று உண்டு. பல சைக்காலஜி வகுப்புகளில் ஆய்வுகளில் பங்கேற்றால் மதிப்பெண் உண்டு. 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் அனுமதி வேண்டும் என்பதால் பல ஆய்வுகள் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு எழுத்து வேலை கேட்டால் கொடுப்பார்கள். கடைசி வாரத்தில் கேட்டால் நேரம் இருக்காது.

மனநலக் கோளாறுகள் அத்தியாயம் செமஸ்டர் முடிவில் வரும். அறிகுறிப் பட்டியலைப் படிக்கும்போது எல்லாமே தனக்கு இருப்பதுபோலத் தோன்றுவது சகஜம். ஆனால் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒரு கஷ்டத்துக்குப் பெயர் கிடைக்கும் இடமும் அதுவே. வகுப்பு டிஸ்கஷன் போர்டில் வீட்டு விஷயங்களை எழுத வேண்டாம், சக மாணவர்கள் எல்லோரும் படிப்பார்கள். கற்பனை உதாரணம் போதும். மனம் விட்டுப் பேச வேண்டியிருந்தால் அதற்கு நீங்களும் பள்ளி கவுன்சலரும் இருக்க வேண்டும். அவசரத்துக்கு 988 என்ற மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். அந்த மாதங்களில் அவளிடம் பாடத்தைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள்.

மருத்துவம் பற்றி: எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உளவியல்-சமூகவியல் பகுதி 95 நிமிடம், 59 கேள்விகள். அதில் சுமார் 65 சதவீதம் அறிமுக உளவியலிலிருந்து வருகிறது. ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் உண்டு, அங்கே உளவியலில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுக்க வேண்டியிருக்கும். எப்படியும் அவள் அதை மறுபடி படிக்கத்தான் போகிறாள், எனவே நிகழ்வு எழுதிய அந்த கார்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பள்ளி முடிந்ததும் கம்யூனிட்டி காலேஜிலிருந்து தனியாக டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு அனுப்ப வேண்டும். பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் அந்தப் பாடத்தின் பெயர் இருப்பதை வைத்து மட்டும் பல்கலைக்கழகம் கிரெடிட் தராது. திருப்பிக் கொடுக்காத ஒரு நூலகப் புத்தகத்துக்காகக்கூட டிரான்ஸ்கிரிப்ட் நிற்கலாம், ஜூன் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள்.