கல்லீரல் மாற்றுக்குப் பிறகு: எந்த எண் எதைச் சொல்கிறது?

கே: என் அப்பாவுக்கு 52 வயது, கல்லீரல் சுருக்க நோய். 'மெல்ட் ஸ்கோர் 22, மாற்று அறுவை சிகிச்சைக்குத் தயாராகுங்கள்' என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு பிழைக்கும் வாய்ப்பு 22 சதவீதம்தானா?
– வாசகி, திண்டுக்கல்

ப: இல்லை அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். மெல்ட் என்பது சதவீதம் அல்ல, 6 முதல் 40 வரை போகும் மதிப்பெண். மாற்றுக் கல்லீரல் கிடைக்காவிட்டால் அடுத்த 3 மாதங்களில் உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் அது சொல்கிறது. 20 முதல் 29 வரை மதிப்பெண் உள்ளவர்களில் ஏறக்குறைய 5-இல் ஒருவர் அந்த 3 மாதங்களைத் தாண்டுவதில்லை. நல்ல மையங்களில் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிலோ 10-இல் 9 பேர் முதல் வருடத்தைக் கடக்கிறார்கள். டாக்டர் அவசரப்படுத்துவது இதனால்தான்.

கணக்கில் சேர்வது பிலிருபின் (மஞ்சள் காமாலையைக் காட்டுவது), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டுவது), கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகள். பிலிருபின் 6, ஐ.என்.ஆர். 1.8, கிரியேட்டினின் 1.2 என்றால் மெல்ட் 22 வரும். வயிற்றுப்போக்காலோ நீர் மாத்திரை அதிகமாகிப் போனதாலோ கிரியேட்டினின் மட்டும் 2.0 ஆனால் மதிப்பெண் 26-க்கு ஏறிவிடும். எனவே, ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தசை கரைந்து மெலிந்தவர்களுக்கும், பொதுவாகப் பெண்களுக்கும், கிரியேட்டினின் குறைவாகவே காட்டும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் மதிப்பெண் அதை மறைத்துவிடும். இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மெல்ட் 3.0, பாலினத்தையும், கல்லீரல் தயாரிக்கும் ரத்தப் புரதமான ஆல்புமினையும் கணக்கில் சேர்த்தது.

கே: அப்படியானால் ஆபரேஷனுக்குப் பிந்தைய ஆயுளைக் கணிக்க வழியே இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

ப: இருக்கிறது, ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2011-இல் வெளியான 'பார்' ஸ்கோர் 6 விஷயங்களைக் கூட்டுகிறது: நோயாளியின் மெல்ட், வயது, ஏற்கெனவே ஒருமுறை மாற்று நடந்ததா, வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்புக் கருவியில் இருக்கிறாரா, தானம் தந்தவரின் வயது, எடுத்த கல்லீரல் பனிக்கட்டியில் இருந்த நேரம். மொத்தம் 27 புள்ளி. அதில் மெல்ட் மட்டுமே 14 வரை எடுத்துக்கொள்ளும். 52 வயது, மெல்ட் 22, தானம் தந்தவருக்கு 45 வயது, பனிக்கட்டியில் 5 மணி நேரம் என்றால் 7 புள்ளி. 18-ஐத் தாண்டினால்தான் ஆபத்து செங்குத்தாக ஏறுகிறது.

இதன் துல்லியம் சுமார் 0.7. அதாவது, இறந்தவர் ஒருவரையும் பிழைத்தவர் ஒருவரையும் எதிரெதிரே வைத்தால், 10-இல் 7 முறை யார் யார் என்று சரியாகக் காட்டும். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 5 முறை சரியாகிவிடும். ஒரு தனி மனிதரின் ஆயுளை இதை நம்பித் தீர்மானிக்கக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. மேலும், இது மூளைச்சாவு அடைந்தவர்களின் முழுக் கல்லீரலை வைத்து உருவான கணக்கு. நம் நாட்டில் பெரும்பாலும் உறவினர் தன் கல்லீரலில் ஒரு பகுதியைத்தான் தருகிறார். அங்கே கல்லீரல் துண்டின் எடை முக்கியம். நோயாளியின் எடையில் 0.8 சதவீதமாவது இருப்பது வழக்கமான இலக்கு. 60 கிலோ உள்ளவருக்கு 480 கிராம். அதைவிடச் சிறிதானால், குடலிலிருந்து பாயும் ரத்தத்தின் வேகத்தை அந்தத் துண்டு தாங்காமல் மஞ்சள் காமாலையும் வயிற்று நீரும் நீடிக்கலாம்.

கே: கல்லீரலில் புற்றுக்கட்டி இருந்தால்?
– வாசகர், ஈரோடு

ப: மாற்று செய்யலாமா என்பதில் அங்கே மெல்ட்டைவிடக் கட்டியின் அளவுதான் பேசும். 5 செ.மீ.க்குள் ஒரே கட்டி, அல்லது 3 செ.மீ.க்கு மேற்படாத 3 கட்டிகள் வரை. ரத்தக் குழாய்க்குள் பரவல் இருக்கக் கூடாது. 1996-இல் இத்தாலியின் மிலான் நகரில் வகுத்த வரையறை இது. அந்த ஆய்வில் 4 வருடத்துக்குப் பிறகு 75 சதவீதம் பேர் உயிரோடிருந்தனர்.

கே: ஆபரேஷன் முடிந்து 4 நாளாகிறது. இனி எதைக் கவனிப்பது?
– வாசகி, மதுரை

ப: முதல் வாரத்து ரத்தப் பரிசோதனைகளை. முன்கூட்டிப் போடும் எந்த ஸ்கோரையும்விட இவை தெளிவாகப் பேசும். 7-ஆம் நாளில் பிலிருபின் 10-ஐ எட்டியிருந்தாலோ, ஐ.என்.ஆர். 1.6-க்குக் குறையாவிட்டாலோ, கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. அல்லது எஸ்.ஜி.பி.டி. முதல் 7 நாளில் 2000-ஐத் தாண்டினாலோ, புதிய கல்லீரல் தடுமாறுகிறது என்று பொருள். 2010-இல் அமெரிக்காவில் வெளியான, 300 பேரைக் கொண்ட ஆய்வில், இப்படித் தடுமாறியவர்களில் 18.8 சதவீதம் பேர் 6 மாதத்துக்குள் இறந்தனர், மற்றவர்களில் 1.8 சதவீதம்தான். உறவினர் தந்த பகுதிக் கல்லீரலில் பிலிருபின் இறங்க இன்னும் சில நாள் பிடிக்கலாம். இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

இறங்கிய எஸ்.ஜி.பி.டி. திடீரென மறுபடி ஏறினால் கல்லீரல் தமனியில் ரத்தம் உறைந்திருக்கலாம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றே எடுத்தாக வேண்டும். காலையில் எடுக்கலாம் என்று காத்திருந்தால் கல்லீரலையே இழக்க நேரும்.

வீடு திரும்பிய பிறகு, உடல் புதிய கல்லீரலை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு பார்க்கப் போகும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த பின் விழுங்குங்கள். மாத்திரை போட்டுவிட்டுக் கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், உடல் புதிய கல்லீரலை எதிர்க்கத் தொடங்கிவிடும்.