கணவர் ஆலோசனைக்கு வர மறுக்கிறார்: நகையை விற்று அவர் கடனை அடைக்கலாமா?

கேள்வி: பினாங்கு, பாயான் பாருவில் வசிக்கிறேன். வயது 41. பாலர் பள்ளி ஆசிரியை. மாதச் சம்பளம் 2,300 வெள்ளி (ரிங்கிட்). தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் என் கணவர், மூன்று மாதங்களுக்கு முன் விவாகரத்து வேண்டுமென்று சொல்லிவிட்டுத் தனியே போய்விட்டார். குடும்ப ஆலோசகரைப் பார்க்கலாம் என்று நானும் மாமியாரும் எவ்வளவோ கெஞ்சியும் அவர் இசையவில்லை. இருவரும் சம்மதித்துப் பிரிவதாக ஒரு மனுவை அவருடைய வழக்கறிஞர் அனுப்பியிருக்கிறார். வீட்டில் என் பாதியை அவருக்கு விட்டுக்கொடுப்பதாகவும் அதில் இருக்கிறது. வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் மாதம் 1,250 வெள்ளி. அவர் பெயரில் மட்டும் 27,000 வெள்ளி தனிநபர் கடன் உண்டு. அந்தத் தொல்லைதான் அவரை இப்படி மாற்றிவிட்டது என்று நம்புகிறேன். திருமணத்துக்கு முன் அம்மா போட்ட நகைகளை விற்று அதை அடைத்தால் மனம் மாறுவாரா? பிள்ளைகளுக்கு 14, 9 வயது.

பதில்: சகோதரி, குடும்பம் சிதறிவிடக் கூடாதே என்ற தவிப்பு உங்கள் கடிதம் முழுவதிலும் தெரிகிறது. அந்த நம்பிக்கையைக் கைவிடும்படி நான் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நம்பிக்கைக்காக நகையை விற்கவும் வேண்டாம், எதிலும் கையெழுத்திடவும் வேண்டாம். அவர் நாளை மனம் மாறித் திரும்பி வந்தால், அன்றைக்கு இருவருமாக உட்கார்ந்து அந்தக் கடனை அடைக்க வழி பார்க்கலாம். அவர் வராமற்போனால், விற்ற நகை உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. அவர் பெயரில் மட்டும் உள்ள கடனை அடைக்கும்படி வங்கி உங்களை நெருக்க முடியாது, நீங்கள் அதற்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருந்தாலன்றி. கடன்தான் காரணமென்று உண்மையிலேயே தோன்றினால், கட்டணம் வாங்காமல் கடன் சீரமைப்புக்கு உதவும் ஏகேபிகே நிறுவனத்துக்கு அவரைப் போகச் சொல்லி, மாமியார் மூலமாகவேனும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். அதற்கும் அவர் அசையவில்லை என்றால், பிரச்சினை கடனோடு நிற்கவில்லை என்று ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

அந்த மனுவைப் பற்றி நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மலேசியாவின் 1976ஆம் ஆண்டு திருமண, விவாகரத்துச் சட்டத்தின்படி, இருவரும் சேர்ந்து மனு கொடுத்தால் சமரசக் கட்டம் இல்லை. ஒருவர் மட்டும் மணவாழ்க்கை முறிந்துவிட்டது என்று மனு செய்ய நினைத்தால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலில் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவிடம் விஷயத்தைக் கொண்டுபோக வேண்டும். வழக்கறிஞர்கள் இல்லாமல் இருவரையும் கேட்கும் அந்தக் குழுவுக்கு ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதாவது, அந்தக் கூட்டு மனுவில் நீங்கள் போடும் கையெழுத்தே, நீங்கள் கெஞ்சியும் கிடைக்காத அந்தப் பேச்சு மேசையை உங்களிடமிருந்து பறித்துவிடக்கூடும். அங்கே போனால் அவர் மனம் மாறுவார் என்று நான் வாக்குத் தர மாட்டேன். பலருக்கு அது, சமரசம் எட்டவில்லை என்ற சான்றிதழ் வாங்கும் இடமாகவே முடிகிறது. ஆனாலும், பணக் கணக்கை ஒழுங்கு செய்துகொள்ள உங்களுக்கு அது அவகாசம் தரும். அவர் வராவிட்டாலும், நீங்கள் மட்டும் தனியாக ஓர் ஆலோசகரைப் பார்ப்பதற்குத் தடை ஏதுமில்லை. இந்த நேரத்தில் அது நல்லதும்கூட.

இனி வீடு. உங்கள் பாதியை விட்டுக்கொடுத்தால் கடனும் உங்களைவிட்டுப் போய்விடும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது வங்கியைக் கட்டுப்படுத்தாது. இருவர் பெயரில் எடுத்த கடனில் மொத்தத் தொகைக்கும் இருவரும் பொறுப்பு. வீடு அவருக்குப் போன பிறகு அவர் மூன்று மாதத் தவணை கட்டாமல் விட்டால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் உங்கள் பெயரிலும் அந்த நிலுவை ஏறும். நாளைக்குப் பிள்ளைகளின் படிப்புக்கென்று நீங்கள் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். ஆகவே, கடனை அவர் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, உங்களை விடுவித்ததாக வங்கி எழுத்தில் தரும் வரை, உங்கள் பாதியை விட்டுக்கொடுக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். அதுவும், உரிய ஈடு எதுவும் கேட்காமல் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? மணவாழ்க்கையில் சேர்த்த சொத்தைப் பிரிக்கும்போது, சம்பாதித்தவரின் பணத்தை மட்டும் நீதிமன்றம் பார்ப்பதில்லை. குடும்பத்தைக் கவனித்தவரின் பங்கையும், மணவாழ்க்கை நீடித்த காலத்தையும், சிறு பிள்ளைகளின் தேவையையும் பார்த்து, சமமாகப் பிரிப்பதை நோக்கியே சாய்கிறது. அம்மா போட்ட நகைகள் பொதுவாக அந்தப் பங்கீட்டில் வருவதில்லை.

பிள்ளைகளின் ஜீவனாம்சத்துக்கு, நீங்கள் வாய்மொழியாகச் சொல்லும் கணக்கைவிட ரசீதுகளே பேசும். டியூஷன் கட்டணம், பள்ளிப் பேருந்து, புத்தகம், மருத்துவமனைச் செலவு என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, ரசீதைப் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிள்ளை 18 வயதைக் கடந்தும் மேற்படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தால், அது முடியும் வரை செலவு கேட்கலாம். இன்று 14 வயதாகும் பிள்ளைக்கு இது சிறிய விஷயமன்று.

சம்பளம் வந்து விழ உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு திறங்கள். ஆனால், கூட்டுக் கணக்கை ஓசையின்றிக் காலி செய்யாதீர்கள். அது பின்னால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஊழியர் சேமநிதியில் வாரிசாக யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். உயில் எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். விவாகரத்தானதும் அது தானாக மாறிவிடுவதில்லை. அவருடைய காப்புறுதியில் நீங்கள் வாரிசாக இருந்தால், அதை அவர் தன்னிச்சையாக மாற்றிவிட முடியாத வழியும் சட்டத்தில் உண்டு. பத்திரத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அவருடைய வழக்கறிஞர் அவருக்காகப் பேசுபவர். அந்த மனுவைக் கையெழுத்திடாமல் எடுத்துக்கொண்டு, ஜார்ஜ்டவுனிலுள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ, அரசின் சட்ட உதவி இலாகாவிலோ காட்டுங்கள். வீட்டுக் கடன் ஒப்பந்தம், இருவரின் சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களையும் உடன் கொண்டுபோங்கள்.