வாசகர் கேள்வி – பதில்: ஊருக்குள் ஒரு கலை வகுப்பு

கேள்வி: பின்தங்கிய கிராமம் ஒன்றில் பதின்வயதினருக்குச் சமகாலக் கலை வகுப்பு தொடங்க இருக்கிறோம். வண்ணமும் காகிதமும் வாங்கவே பணம் போதவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வாங்க வேண்டியவற்றின் பட்டியலை ஓரமாக வையுங்கள். முதல் இரண்டு வாரம் தூரிகையே வேண்டாம். மாணவர்களை மூன்று மூன்று பேராகப் பிரித்து ஊரைச் சுற்றி வரச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, யாருக்குக் கூடை முடையத் தெரியும், எந்தத் தெருவுக்குள் யார் போகத் தயங்குகிறார்கள் என்று பார்த்து வரட்டும். பார்த்ததைத் தரையில் கரியால் பெரிய வரைபடமாகப் போடட்டும். ஊர்ப் பெரியவர்கள் வந்து, “இது இங்கே இல்லையே” என்று திருத்துவார்கள். வகுப்பு உண்மையில் தொடங்கும் இடம் அதுதான்.

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் ஜாதிவாங்கி கூரை ஓடு சுடும் ஊர். அங்கே 2005-இல் தொடங்கிய ‘ஜாதிவாங்கி ஆர்ட் ஃபேக்டரி’ என்ற கலைக்குழு வெளியிலிருந்து பொருளைத் தேடிப் போகவில்லை. ஓட்டு மண்ணிலேயே இசைக்கருவிகள் செய்து ஊரையே வாசிக்க வைத்தது. சத்தீஸ்கரின் கொண்டாகாவில் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃபும் உள்ளூர் ஆதிவாசிக் கலைஞர்களும் கைபம்பு இருக்கும் இடங்களையே படைப்பாக எடுத்துக்கொண்டார்கள். குடத்தை நிரப்பித் தூக்கும் பெண்களின் சிரமத்தைப் பார்த்து, அதற்கேற்ப மேடையை வடிவமைத்தார்கள். ‘இது கலையா, மராமத்தா?’ என்று மாணவர்கள் கேட்டால் அந்த வாதத்தை வளர விடுங்கள். ஒரு வாரப் பாடம் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: முப்பது பேர் சேர்ந்து செய்யும்படி ஒரு செய்முறை சொல்லுங்கள். அச்சு இயந்திரம் கிடையாது.

பதில்: மரக்கட்டை அச்சுதான் எங்கள் முதல் பரிந்துரை. மலேசியாவின் சபா மாநிலத்தில் இயங்கும் பங்ரோக் சுலாப் குழு பெரிய பலகைகளைச் செதுக்கி, துணியை மேலே விரித்து, காலால் மிதித்தே அச்செடுக்கிறது. 1998-இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் உருவான தாரிங் பாடி குழுவும் மரக்கட்டை அச்சுக்குப் பெயர் பெற்றது.

4 அடிக்கு 4 அடி எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்தது) பலகை நான்கு போதும். ஒரு பலகையைச் சுற்றி எட்டுப் பேர் உட்காரலாம். 6 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். படத்தை வரைந்ததும் மெல்லிய அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். கொடுக்காவிட்டால் பலகை மையைக் குடித்துவிடும், செதுக்கும்போது ஓரமும் பிசிறும். எழுத்து இருந்தால் இடவலம் மாற்றி வரைய வேண்டும். மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பிப் போட்டு நகலெடுப்பது பாதுகாப்பு. ‘ழ’வும் ‘ள’வும் திரும்பிக்கொண்டு நிற்பதை அச்செடுத்த பிறகு கண்டால் ஐந்து நாள் உழைப்பு வீண்.

2 மி.மீ. ஆழம் செதுக்கினால் போதும். உளி தன்னை விட்டு விலகிப் போக வேண்டும், மற்றக் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். காயங்கள் பெரும்பாலும் மழுங்கிய உளியால்தான் வருகின்றன. மழுங்கியதைப் பலம் கொடுத்துத் தள்ளும்போது வழுக்கும். அதனால் தினமும் சாணை பிடியுங்கள். எம்டிஎஃப் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் கட்டாயம். தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

துணிக்குக் காடா நல்லது. வெந்நீரில் அலசிக் கஞ்சி போன பிறகே பயன்படுத்துங்கள். கஞ்சி இருந்தால் மை நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்று உதிரும். எண்ணெய் மையை ரப்பர் ரோலரால் மெல்லியதாக, இரண்டு மூன்று முறை ஏற்றுங்கள். ரோலர் ‘ஸ்ஸ்’ என்று மெல்ல ஒலித்தால் அளவு சரி. ‘சளக் சளக்’ என்றால் மை அதிகம், செதுக்கிய கோடுகள் அடைபடும். துணியை நால்வர் நான்கு மூலையைப் பிடித்து நடுவிலிருந்து தாழ்த்துங்கள். மேலே பழைய போர்வை. வெறுங்காலோடு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்னச் சின்ன அடியாக மிதிக்க வேண்டும். காலை இழுத்தால் படம் இரட்டையாகும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறிய இடத்தை மறுபடி மிதியுங்கள்.

பலகையையும் ரோலரையும் சமையல் எண்ணெயால் துடைத்துச் சோப்பு போட்டால் போதும், மண்ணெண்ணெய் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் கலந்த மை தோய்ந்த கந்தலைச் சுருட்டிக் குவித்து வைக்காதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: போன வருடம் வரைந்த சுவரோவியம் செதில் செதிலாக உரிகிறது. ஏன்?

பதில்: உரிந்த இடத்துக்குப் பின்னால் வெள்ளைப் பொடி இருந்தால் அது உப்பு. அடிச்சுவரில் ஈரம் ஏறுகிறது, மேலே இருக்கும் எமல்ஷன் பெயின்ட் அதை வெளியேற விடவில்லை. மேலேயே மறுபடி பூசினால் மறுபடி உரியும். முதலில் சுவரடியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் செய்யுங்கள். உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள், கழுவினால் உள்ளே போகும். சுவர் ஒரு கோடை முழுக்கக் காயட்டும். பிறகு சுண்ணாம்பு அடித்து, காவி, மஞ்சள் மண், கரி கொண்டு வரையுங்கள். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்பில் நிறம் கெடும், அல்ட்ராமரின் நீலம் தாங்கும். சுண்ணாம்பு நீற்றும் வேலையைப் பிள்ளைகளிடம் தராதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

கேள்வி: ஆசிரியர் போன பிறகு எல்லாம் நின்றுவிடுகிறதே?

பதில்: கம்போடியாவின் பத்தம்பாங்கில் 1994-இல் தொடங்கிய ஃபார் பொன்லூ செல்பாக் கலைப்பள்ளியைப் பாருங்கள். அகதி முகாமில் ஓவியம் கற்றவர்கள் ஊர் திரும்பியதும் தாங்களே தொடங்கியது அது. கற்றவரே கற்பிப்பவராவதற்கு இடம் இருந்தது. ஆகவே இரண்டாவது மாதத்திலிருந்தே வாரம் ஒரு வகுப்பை மூத்த மாணவர் எடுக்கட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள்.

செதுக்கிய பலகைகள் ஊரிலேயே இருக்க வேண்டும், உங்கள் அலுவலகத்தில் அல்ல. எத்தனை பிரதி எடுத்தோம், யார் செதுக்கினார்கள், விற்ற பணம் எங்கே போனது என்று ஒரு நோட்டில் எழுதி, அதை ஊராரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். பலகைகளைச் சாய்த்து வைத்தால் வளையும், படுக்கையாக அடுக்குங்கள்.