வலக்கையில் கார்டு, இடக்கையில் எந்த நோட்? கேள்வி பதில்

கீபோர்டில் வலக்கை கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் நோட்டுகள்) ஓரளவு பழகிய பிறகு எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இடக்கையில் எந்த நோட்டை வைப்பது? சிங்கப்பூரின் பல பகுதிகளிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருந்தன. எல்லா உதாரணங்களையும் சியை ஆதாரமாக வைத்தே சொல்கிறேன். சாய்கோடு போட்டு எழுதியிருந்தால் கோட்டுக்கு முன்னால் இருப்பது வலக்கை கார்டு, பின்னால் இருப்பது இடக்கை பேஸ் நோட், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே ஒலிக்கும் நோட்.

உட்லண்ட்ஸிலிருந்து: அண்ணே, நாற்பது வயதுக்கு மேல் கீபோர்டு கற்றுக்கொள்கிறேன். வலக்கையில் சி மேஜர் பிடிக்க வந்துவிட்டது. இடக்கையில் எதை அழுத்தினால் தப்பாகப் போகாது?

கார்டின் பெயர் எதுவோ அந்த நோட்டையே அழுத்துங்கள். சி மேஜருக்கு சி, ஏ மைனருக்கு ஏ, எஃப் மேஜருக்கு எஃப். சுண்டு விரலால் ஒரே ஒரு நோட் போதும். கீபோர்டின் நடுவிலிருக்கும் நடு சிக்குக் கீழே ஒன்றரை, இரண்டு ஆக்டேவ் (ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை ஒரு ஆக்டேவ்) தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வலக்கையை நடு சியை ஒட்டியே வைத்திருங்கள்.

இது ஏன் பொருந்துகிறது என்பதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். கம்பியுள்ள பியானோ ஒன்று எங்கேயாவது கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். வலக்கையால் நடு சி, அதன் மேலுள்ள ஈ, ஜி மூன்றையும் சத்தமே வராதபடி மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். இடக்கையால் இரண்டு ஆக்டேவ் கீழே இருக்கும் சியை ஓங்கித் தட்டி உடனே விடுங்கள். நீங்கள் தட்டாத அந்த மூன்று நோட்டுகளும் மெல்ல ஒலிக்கும், ஈ மட்டும் கொஞ்சம் மங்கலாக. கீழ் சியின் அதிர்வு வினாடிக்கு சுமார் 65.4 முறை. அதன் நான்கு மடங்கு நடு சி, ஐந்து மடங்கு கிட்டத்தட்ட ஈ, ஆறு மடங்கு ஜி. பேஸ் நோட்டுக்குள்ளேயே அதன் மேஜர் கார்டு இருக்கிறது. அதனால்தான் சியை இடக்கையில் வைத்துக்கொண்டு வலக்கையில் சி மேஜர் பிடித்தால் காது நிம்மதியாகிறது.

தெம்பனிஸிலிருந்து: வீட்டில் வாசிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. சமூக மன்றத்து மேடையில் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் ஒரே இரைச்சல். இரண்டு கையிலும் முழு கார்டு பிடிக்கிறேன். அதனாலா?

அதனாலேதான். இடக்கை கீழே இறங்க இறங்க, பக்கத்துப் பக்கத்து நோட்டுகள் ஒன்றையொன்று கெடுக்கும். நடு சியும் அதன் மேல் ஈயும் வினாடிக்கு 261.6, 329.6 அதிர்வுகள். இடையில் 68 இருக்கிறது, காது இரண்டையும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு ஆக்டேவ் கீழே அதே சியும் ஈயும் 65.4, 82.4. இடைவெளி வெறும் 17. காதால் பிரிக்க முடியாமல் கரகரவென்று கேட்கிறது.

வீட்டில் ஏன் தெரியவில்லை என்பதுதான் இதில் முக்கியம். 61 விசை கீபோர்டின் இடது ஓரத்து விசைதான் அந்த 65.4. அதில் பொருத்தியிருக்கும் சின்ன ஸ்பீக்கர்கள் அவ்வளவு கீழ் ஒலியைச் சரியாக வெளியே விடாது. அழுக்கு இருக்கிறது, நமக்குக் கேட்பதில்லை. மண்டபத்து சவுண்ட் சிஸ்டம் எல்லாவற்றையும் காட்டிவிடும். மேடைக்குப் போவதற்கு முன்னால் நல்ல ஹெட்ஃபோனில் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

நான் கடைப்பிடிப்பது இது: நடு சிக்கு ஒரு ஆக்டேவ் கீழே இருக்கும் சியைத் தாண்டி இறங்கினால் இடக்கையில் ஒற்றை நோட், ஆக்டேவ், இல்லையென்றால் சி–ஜி போல ஐந்தாம் ஸ்வரம் மட்டும். மூன்றாம் ஸ்வரத்தை (சிக்கு ஈ) அங்கே வைக்கவே மாட்டேன். அது வேண்டுமென்றால் ஒரு ஆக்டேவ் தூக்கி வலக்கையில் வைத்துவிடலாம். கை பெரிதாக இருப்பவர்கள் கீழ் சியையும் அடுத்த ஆக்டேவின் ஈயையும் ஒரே கையால் பிடிப்பார்கள். அந்த அகலத்தில் மூன்றாம் ஸ்வரம் அழகாகவே ஒலிக்கும்.

பிடோக்கிலிருந்து: தேவாலயத்தில் கீர்த்தனைகளுக்கு வாசிக்கிறேன். கார்டு ஷீட்டில் ஜி/பி, சி/ஈ என்று வருகிறது. அதை விட்டுவிட்டு வெறும் ஜி, சி என்று வாசித்தால் என்ன கெட்டுப்போகும்?

கார்டு கெடாது. பேஸின் மெட்டு போய்விடும். ஷீட் எழுதியவர் கீழே ஒரு மெட்டு ஓட வேண்டும் என்று நினைத்துத்தான் சாய்கோடு போட்டிருக்கிறார். இந்த வரிசையைப் பாருங்கள்:

சி, ஜி/பி, ஏ மைனர், ஏ மைனர்/ஜி, எஃப், சி/ஈ, டி மைனர், ஜி.

இடக்கையை மட்டும் தனியாக வாசியுங்கள்: சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி, கடைசியில் ஜி. படியிறங்குவது போல ஒரு மெட்டு. சாய்கோட்டை விட்டுவிட்டால் அதே பேஸ் சி, ஜி, ஏ, ஏ, எஃப், சி, டி, ஜி என்று அங்குமிங்கும் தாவும். சபையார் பாடும் மெதுவான பாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். கீழே ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தால் பாடுகிறவர்களை அது இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டு விஷயத்தில் கவனம் வையுங்கள். ஜி/பி வரும்போது பேஸில் ஏற்கெனவே பி இருக்கிறது, வலக்கையிலும் பியை வைக்காதீர்கள். ஜியும் டியும் மட்டும் பிடியுங்கள். பி என்பது சிக்குப் போகத் துடிக்கும் நோட். இரண்டு இடத்தில் வைத்தால் அது மட்டும்தான் கேட்கும். சி/ஈயிலும் வலக்கையில் ஈயை விட்டுவிட்டு ஜி, சி என்று பிடித்துப் பாருங்கள், உடனே தெளிவாகும்.

இரண்டாவது, வலக்கை தாவக் கூடாது. முதல் சியை ஜி–சி–ஈ என்று பிடித்தால், ஏ மைனருக்கு ஏ–சி–ஈ. ஒரு விரல்தான் நகர்கிறது. எஃப் வரும்போது ஏ–சி–எஃப், மறுபடியும் ஒரே விரல். மேலே கை அசையாமல் இருக்க, கீழே பேஸ் இறங்கிப் போகும்போது வருகிற நிறைவு இருக்கிறதே, கீபோர்டு வாசிப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

பொங்கோலிலிருந்து ஒரு அம்மா: மகள் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம்) ஐந்தாம் கிரேடு தியரிக்குப் படிக்கிறாள். அதில் ஒன்று ஏ, ஒன்று பி, ஒன்று சி என்று வருகிறது. நீங்கள் சொல்லும் சாய்கோடு கார்டும் அதுவும் ஒன்றா?

ஒன்றேதான் அம்மா. சி மேஜர் ஸ்கேலில் முதல் கார்டு சி. பேஸில் சி இருந்தால் ‘ஏ’, ஈ இருந்தால் ‘பி’, ஜி இருந்தால் ‘சி’. இந்த எழுத்துகளை நோட்டின் பெயரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். வலக்கை எப்படி அடுக்கியிருந்தாலும் கணக்கில் வராது, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் நோட்தான் விடையைத் தீர்மானிக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் மேலே பார்த்துத் தப்பு விடுவார்கள்.

ஆறாம் கிரேடு பியானோவுக்குப் பதிய இந்த ஐந்தாம் கிரேடு தியரி பொதுவாகத் தேவைப்படும் என்பதால் பலர் அவசர அவசரமாக மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சைத் தாளில் உள்ள ஒவ்வொரு கார்டையும் பியானோவில் அழுத்திக் கேட்கச் சொல்லுங்கள். முடிவுக்கு முன்னால் சி/ஜி, ஜி, சி என்று வருவதை நாலைந்து முறை கேட்டுவிட்டால் அப்புறம் எந்தத் தாளிலும் அது தானாகக் கண்ணில் படும்.

தேக்கா பக்கத்திலிருந்து: கோயில் பஜனைக்கு வாசிக்கிறேன். பாடகர் சுருதியை விட்டு பேஸை நகர்த்தாதே என்கிறார். இடக்கையில் சியையே பிடித்துக்கொண்டு வலக்கையை மட்டும் மாற்றலாமா?

தாராளமாக. தம்பூரா செய்வதே அதுதானே. மேற்கத்திய இசையிலும் ஆர்கனில் காலாலேயே ஒரு நோட்டை நீட்டிப் பிடித்து மேலே கார்டுகளை மாற்றும் வழக்கம் உண்டு, பெடல் பாயிண்ட் என்பார்கள். நம் ராகங்களுக்கு இது பல நேரம் பேஸை ஓடவிடுவதைவிடப் பொருத்தமாக இருக்கும்.

ஒரு கட்டை சுருதி என்று வைத்துக்கொண்டு, அதாவது சி தான் ஸட்ஜமம், சொல்கிறேன். கல்யாணியில் பிரதி மத்யமம் எஃப் ஷார்ப். சி பேஸை விடாமல் வலக்கையில் டி மேஜர் பிடியுங்கள்: டி, எஃப் ஷார்ப், ஏ. டி/சி. கல்யாணியின் நிறம் அந்த ஒரு கார்டிலேயே வந்துவிடும். சி மேஜருக்கும் இதற்குமாக மெதுவாகப் போய் வந்தாலே ஆலாபனைக்குப் போதும். மாயாமாளவகௌளைக்கு டி ஃபிளாட் மேஜரை அதே சி பேஸ் மேல் வையுங்கள். டி ஃபிளாட், எஃப், ஏ ஃபிளாட் மூன்றுமே ராகத்தில் இருப்பவை. சி மேல் டி ஃபிளாட் உரசும். ராகத்தின் இறுக்கமே அந்த உரசலில்தான், ஆனால் நீட்டிப் பிடிக்காமல் சி மேஜருக்குத் திரும்பிவிடுங்கள்.

மோகனத்தில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். சி, டி, ஈ, ஜி, ஏ, இவ்வளவுதான் ஸ்வரங்கள். பாடகர் பஞ்சமத்தில் நின்றதும் கை தானாக ஜி மேஜருக்குப் போகும். அதில் பி இருக்கிறது, மோகனத்தில் நிஷாதமே கிடையாது. பேஸை நகர்த்த அவர் ஒப்புக்கொண்டால் அங்கே சி/ஜி வையுங்கள், இல்லையென்றால் வலக்கையில் ஜியும் டியும் மட்டும். பேஸ் நகரலாம் என்றால், ரிஷபத்தில் நின்றால் ஏ மைனர்/டி. ராகத்துக்கு வெளியே ஒரு நோட்டும் போகாது, கேட்கவும் புதிதாக இருக்கும்.

இன்னொன்று. பாடகர் எந்த ஸ்வரத்தில் கமகம் கொடுக்கிறாரோ அந்த ஸ்வரத்தை வலக்கையில் நேராக அழுத்திப் பிடிக்காதீர்கள். அவர் அசைக்கும் இடத்தில் நீங்கள் ஆணி அடித்தது போலாகிவிடும். அந்த நோட்டை விட்டுவிட்டு மிச்சமிருப்பதை மட்டும் மெல்ல வையுங்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: தொடக்கக்கல்லூரி மாணவன். கார்டு அதே சி, பேஸ் மட்டும் மாறினால் பெயரே மாறுமா?

மாறும் தம்பி, உணர்வும் மாறும். வலக்கையில் சி மேஜரை அப்படியே பிடித்துக்கொண்டு இடக்கையை மட்டும் நகர்த்து. ஏ வைத்தால் அது ஏ மைனர் செவன்த். எஃப் வைத்தால் எஃப் மேஜர் நைன்த், மூன்றாம் ஸ்வரம் இல்லாமல். டி வைத்தால் டி நைன்த் சஸ்பென்டட். பி ஃபிளாட் வைத்தால் சி செவன்த், எஃப் பக்கம் போகத் தயாராக நிற்கும். வலக்கை விரல் ஒன்றுகூட அசையவில்லை. ஜி பேஸ் மேல் எஃப் மேஜர் வைத்தும் பார், மெல்லிசைப் பாட்டுகளில் பல்லவிக்குத் திரும்புவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தை நிறையக் கேட்டிருப்பாய்.

எது ஒட்டாது என்றும் தெரிந்துகொள். பேஸ் நோட்டுக்கு அடுத்த அரைஸ்வரம் மேலே வலக்கையில் இருந்தால் கடிக்கும். ஈ பேஸ் மேல் எஃப் மேஜர், பி பேஸ் மேல் சி மேஜர், இவற்றில் தங்காதே. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் வழியில் தொட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. மேலே மாயாமாளவகௌளைக்குச் சொன்னதும் இதே கடிதான். அங்கே அது ராகம் கேட்பது, வேண்டுமென்றே வைக்கிறோம்.

யீஷூனிலிருந்து: இரண்டு கையும் சேர்த்தால் தாளம் நழுவுகிறது.

முதலில் இடக்கை ஒன்றாம் அடியில் மட்டும், வலக்கை நாலு அடியிலும். நன்றாகப் பழகியதும் இடக்கை ஒன்றிலும் மூன்றிலும். ஒலியை நீட்டும் பெடல் போட்டால் பேஸ் மாறும் ஒவ்வொரு முறையும் காலைத் தூக்கி மறுபடி வைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய பேஸ் புதிய கார்டுக்குள் கசியும். அடுக்குமாடி புளோக்கில் இருப்பவர்கள் ராத்திரியில் ஹெட்ஃபோனில் பழகலாம். ஆனால் கீபோர்டை வெறும் மேசையில் வைத்துத் தட்டினால் விசையின் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள்.

சுவா சூ காங்கிலிருந்து: எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் இருக்கிறார். நான் இடக்கையில் என்ன செய்வது?

பேஸை அவரிடம் விட்டுவிடுங்கள். நீங்களும் கீழே ஜி வைத்து, அவர் ஜியிலிருந்து பிக்கு நகர்ந்தால் இருவரும் மோதுவீர்கள். இடக்கையை நடு சி பக்கம் ஏற்றி இரண்டு நோட் பிடியுங்கள், அல்லது சும்மா வைத்திருங்கள். சாய்கோடு கார்டு எங்கே வருகிறது என்பதை மட்டும் ஒத்திகையிலேயே அவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து: யமஹா கீபோர்டில் ஸ்டைல் (தானாக ஓடும் பின்னணி இசை) போட்டு வாசிக்கிறேன். இடக்கையில் ஈ–ஜி–சி என்று பிடித்தாலும் பேஸ் சியாகவே வருகிறது. சி/ஈ எப்படி வரவழைப்பது?

கீபோர்டு உங்கள் விரல்களைப் பார்த்து ‘இது சி மேஜர்’ என்று கண்டுபிடித்து, பேஸைத் தானே சியில் வைத்துவிடுகிறது. கார்டு கண்டறியும் முறையை ‘ஃபிங்கர்ட் ஆன் பேஸ்’ என்பதற்கு மாற்றுங்கள். அந்த வசதி உள்ள மாடல்களில் செட்டிங்ஸில் ஃபிங்கரிங் என்ற இடத்தில் இருக்கும். மாற்றிய பிறகு இடக்கையில் எந்த நோட் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறதோ அதுவே பேஸாக வரும். ஆனால் ஒன்று, இதுவரை கைக்கு வசதியாக இன்வர்ஷனில் (நோட்டுகளின் வரிசையை மாற்றி) பிடித்துக்கொண்டிருந்த கார்டுகளுக்கெல்லாம் பேஸ் மாறிவிடும். மேடைக்குப் போகும் நாளில் மாற்றாமல், ஒரு வாரம் முன்னதாகவே மாற்றி எல்லாப் பாட்டையும் ஒரு முறை வாசித்துப் பார்த்துவிடுங்கள்.