நினைவுக்கான புரதம் எங்கே தயாராகிறது?

கேள்வி: ஜீன்கள் செல்லின் உட்கருவில்தானே இருக்கின்றன? நினைவுக்கான புரதத்தை அதன் பக்கத்திலேயே செய்து அனுப்பினால் போதாதா?

பல புரதங்கள் அப்படித்தான் போகின்றன. ஆனால் ஒரு நியூரானில் (நரம்புச் செல்லில்) ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள், அதாவது மற்ற நியூரான்களோடு சேரும் இணைப்புகள், இருக்கலாம். புதிதாக ஒன்றைக் கற்கும்போது அவற்றில் சில மட்டும் வலுப்பட வேண்டும். எல்லாமே வலுப்பட்டால் எந்த நினைவும் தனித்து நிற்காது. அதனால் புரதம் செய்வதற்கான ஜீனின் நகல்களான சில எம்.ஆர்.என்.ஏ.க்களை செல் முன்கூட்டியே டென்ட்ரைட் (சமிக்ஞைகளை வாங்கும்) கிளைகளுக்கு அனுப்பி, புரதம் உருவாகாமல் அடக்கி வைக்கிறது. எந்த சினாப்ஸ் தூண்டப்படுகிறதோ அதன் அருகில், எம்.ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம்கள் வேலையைத் தொடங்கும்.

காம்கைனேஸ் 2 ஆல்ஃபா அப்படி ஒரு புரதம். அதன் எம்.ஆர்.என்.ஏ.வை டென்ட்ரைட்டுக்குக் கொண்டுசேர்க்கும் பகுதியை எலிகளில் நீக்கிப் பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. செல்லின் உடலில் புரதம் உருவானது. ஆனாலும் நீண்டகால நினைவு குறைந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இதுதான். புரதம் இருந்தால் மட்டும் போதாது, உரிய இடத்தில் பிறக்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவை குறைவு.

கேள்வி: புரதம் கிளையிலேயே உருவாகிறது என்று எப்படித் தெரிந்தது?

1982-இல் ஆஸ்வால்ட் ஸ்டூவர்டும் வில்லியம் லெவியும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் டென்ட்ரைட் முட்களின் (சினாப்ஸ் அமையும் சிறு புடைப்புகளின்) அடியில் ரைபோசோம் கொத்துகளைப் பார்த்தார்கள். 1996-இல் ஹேஜின் காங்கும் எரின் ஷூமனும் நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் சீவலில் கிளைகளைச் செல் உடலிலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். அப்புறமும் பி.டி.என்.எஃப். என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தைக் கொடுத்ததும் சினாப்ஸ்கள் வலுப்பட்டன. புரத உற்பத்தியைத் தடுத்ததும் அது நின்றது.

கேள்வி: புரோட்டீன் பவுடர் நினைவாற்றலைக் கூட்டுமா?

கூட்டாது. சாப்பிடும் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு உணவில் கிடைப்பதே போதும்.

கேள்வி: சினாப்ஸ் அருகே நடக்கும் இந்தப் புரத உற்பத்தி அதிகமானால் நல்லதுதானே?

இல்லை. எஃப்.எம்.ஆர்.பி. என்ற புரதம் இதற்குக் கடிவாளம் போடுகிறது. அது இல்லாத நிலைதான் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. கற்றல் குறைபாடு, பல குழந்தைகளுக்கு ஆட்டிசமும் வரும். எலிகளில் பலன் தந்த, சினாப்ஸில் உள்ள எம்.ஜி.எல்.யு.ஆர்.5 (mGluR5) ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் மனிதர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் கைகொடுக்கவில்லை. மருந்துக்காகக் காத்திருக்க வேண்டாம். குழந்தைக்குக் காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம் இருந்தால், எஃப்.எம்.ஆர்.பி.க்கான எஃப்.எம்.ஆர்.1 ஜீன் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியையும் சிறப்புக் கல்வியையும் முடிவு வரும்முன்பே தொடங்கிவிடலாம்.