முகாமுக்குப் போகும் பையை யார் அடுக்குவது?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது, தரம் 6. ஓகஸ்ட் லீவில் பண்டாரவளைப் பக்கம் நான்கு இரவு தங்கும் ஒரு பிள்ளைகள் முகாமுக்குப் போகக் கேட்கிறாள். தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகளும் விசேட தேவையுள்ள பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்களாம். எனக்கும் அனுப்ப ஆசை. ஆனால் இன்னும் நான்தான் அவளுக்குத் தலை இழுத்து, சோறு குழைத்துக் கொடுத்து, புத்தகப் பை அடுக்குகிறேன். அங்கே போய் அழுவாளோ என்று பயம். பெற்றோர் கூட்டத்தில் காதுக் கருவி போட்ட ஒரு பிள்ளையைக் காட்டி, "அவ ஏன் அப்பிடிக் கதைக்கிறா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மாமியோ 'முகாம்' என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து அறைக்குள் போய்விட்டார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவர் ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். ஆனால் எனக்கு அந்த வரிதான் நெஞ்சில் தைத்தது.

வெள்ளவத்தையில் அவர் வயதில் இருக்கும் பலருக்கு முகாம் என்றால் கூடாரமும் பாட்டும் அல்ல. 1983 ஜூலை இனக் கலவரத்தில் வீடு வாசலை விட்டு ஓடிப்போய், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானையிலும் வெறும் சீமெந்துத் தரையில் படுத்துக் கிடந்த இடம்தான் முகாம். அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் மாமிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்டதாக எழுதவில்லை. ஒரு பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். நடுவில் "இப்ப காலம் மாறிட்டுது மாமி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்லி முடிக்கட்டும். அதன் பிறகு முகாமைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம், இரண்டு நாள் விடுங்கள். தன் பயத்தை ஒருவர் பொறுமையாக இருந்து கேட்டால்தான் பேத்தியின் ஆசை அவர் காதில் ஏறும்.

அப்புறம் உங்கள் பயம்.

விழிப்போடு பிள்ளை வளர்ப்பது என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். கேட்கப் பெரிதாக இருக்கும், செய்வது சின்ன வேலை: பிள்ளையின் பக்கம் கை நீளுமுன் ஒரு மூச்சு நேரம் நிற்பது. காலை ஆறே முக்கால், வான்காரர் கீழே ஹோர்ன் அடிக்கிறார், மகள் சப்பாத்து நாடாவோடு போராடிக்கொண்டிருக்கிறாள். உங்கள் கை தானாகக் குனிகிறது. அந்த இடத்தில் நின்று, இது யாருக்காக என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அவளுக்கு முடியாது என்பதற்காகவா, உங்களுக்குப் பொறுக்காது என்பதற்காகவா? பத்தில் ஒன்பது தரம் இரண்டாவதுதான். நானும் இரண்டு பிள்ளை வளர்த்தவள், தெரிந்துதான் சொல்கிறேன். நாடா தளர்வாக இருந்தால் இருக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் அவிழ்ந்தால் அவளே திரும்பக் கட்டுவாள்.

நான் பல வருடம் பள்ளிக்கூடத்தில் பெண் சாரணியருக்குப் பொறுப்பாக இருந்தேன். (சமர் காம்ப் என்ற பெயர்தான் நமக்குப் புதிது. பெண் சாரணியம் 1917இலேயே கண்டியில் தொடங்கிவிட்டது.) ஒரு முகாமில் முதல் நாள் காலை பாணும் சம்பலும் அவித்த முட்டையும். எல்லோரும் சாப்பிட்டு எழும்பிவிட்டார்கள். ஒரு பிள்ளை மட்டும் கோப்பையைப் பார்த்தபடி இருந்தது. முட்டை முழுசாக இருந்தது. பத்து வயதாகியும் அந்தப் பிள்ளை ஒரு முட்டைக்கும் கோது உரித்ததில்லை, வீட்டில் உரித்தேதான் வைப்பார்களாம். கேட்கவும் வெட்கம். எதிரே இருந்த சிங்களப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். தன் முட்டையை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளங்கையில் வைத்து உருட்டி, கோது விரிந்ததும் நகத்தால் மெல்லிய தோலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. எங்கள் பிள்ளையின் முட்டை பாதி வெள்ளையோடு பிய்ந்து வந்தது. அதைச் சாப்பிட்டபோது அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாம் நாள் அதே பிள்ளை இன்னொருத்திக்கு உரிக்கப் பழக்கிக்கொண்டிருந்தது.

தன்னம்பிக்கை என்று நீங்கள் தேடுவது இதைத்தான். முகாமில் யாரும் அதைப் பொதி செய்து கையில் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். ஓகஸ்டுக்கு முன் வீட்டில் நீங்கள் எத்தனை வேலையை விடுகிறீர்களோ அவ்வளவுக்குத்தான் அங்கே அவளுக்குச் சுலபம். தலையை அவளே இழுக்கட்டும், வகிடு கோணினாலும் பரவாயில்லை. உள்ளுடுப்பை அவளே தோய்த்துக் காயப் போடட்டும். துவாய், ரோச், நுளம்பு மருந்து, சுவெற்றர் என்று முகாம் தந்த பட்டியலை அவள் கையிலேயே கொடுங்கள், பையை அவளே அடுக்கட்டும். இரவில் நீங்கள் திறந்து சரி பார்க்க வேண்டாம். பண்டாரவளைக் குளிரில் சுவெற்றரை மறந்து போனவள் அடுத்த முறை மறக்கமாட்டாள். தினம் போடும் மருந்து ஏதும் இருந்தால் அதை மட்டும் பொறுப்பாளர் கையில் நீங்களே கொடுங்கள், அது பெரியவர்களின் வேலை.

அழுவாளோ என்று கேட்டீர்கள். அழலாம். அநேகமான பிள்ளைகளுக்கு வீட்டு ஞாபகம் வரும், கூடுதலாக முதலிரண்டு இரவுகளில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் பெற்றோர் செய்யக்கூடாதது என்று சொன்ன ஒன்று, நாம் எல்லோரும் பாசத்தில் சொல்வதுதான்: "பிடிக்காட்டி ஒரு கோல் அடி, அம்மா உடனே வந்து கூட்டிக்கொண்டு வாறன்." இதைக் கேட்ட பிள்ளை, தன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறா என்றுதான் விளங்கிக்கொள்ளும். முதல் தரம் மனசு கனத்ததும் போனைத்தான் தேடும். அதற்குப் பதிலாக இப்போதே ஒத்திகை பாருங்கள். கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ சொந்தக்காரர் வீட்டில் இரண்டு இரவு விடுங்கள், இடையில் போன் எடுக்க வேண்டாம். திரும்பி வந்ததும், "ஞாபகம் வந்தபோது என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். புத்தகம் வாசித்தேன், சித்தியோடு கதைத்தேன் என்று ஏதாவது சொல்வாள். அதையே முகாமுக்கும் கொண்டு போகலாம்.

காதுக் கருவி போட்ட பிள்ளையைப் பற்றி அவள் கேட்டது பிழையே இல்லை. நாம் "ஸ்ஸ்" என்று வாயைப் பொத்தும்போதுதான், அது பேசக்கூடாத ஏதோ ஒன்று என்று பிள்ளை பழகிக்கொள்கிறது. பிறகு அந்தப் பிள்ளையின் பக்கமே போகாது. நேராகப் பதில் சொல்லுங்கள்: "அவவுக்குக் காது கேட்கிறது குறைவு. மற்றவர்கள் கதைப்பது தெளிவாகக் கேட்காததால் சொற்கள் கொஞ்சம் வேறு மாதிரி வரும். கருவி உதவி செய்யும், ஆனால் எல்லாம் கேட்காது. முகத்தைப் பார்த்து, கத்தாமல், சாதாரணமாகக் கதை." கூடாரத்துக்குள் லைட்டை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் குசுகுசுவென்று கதைப்பதுதான் முகாமிலேயே இனிமையான நேரம். இருட்டில் உதடு தெரியாததால் அந்தப் பிள்ளை அப்போது தனியாகிவிடும். பேசுகிறவர் ரோச்சைத் தன் முகத்தில் பிடித்தால் அவளும் கதைக்குள் வந்துவிடுவாள். இதை மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

எல்லா இனப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தால் ஒற்றுமை வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரீப் என்ற உளவியலாளர், உங்கள் மகள் வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு கோடை முகாமில் இரண்டு குழுவாக்கினார். போட்டிகள் தொடங்கியதும் கொடியை எரிப்பதும் அறைக்குள் புகுந்து கலைப்பதுமாக ஆகிவிட்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்தார், சாப்பாட்டை அள்ளி எறிந்து சண்டை பிடித்தார்கள். மனம் மாறத் தொடங்கியது ஒன்றாக வேலை செய்ய வேண்டி வந்தபோதுதான். தண்ணீர் வராமல் போனது, சேர்ந்து காரணம் தேடினார்கள். சாப்பாடு எடுத்து வரும் லொறி நின்றுபோனது, இரண்டு குழுவும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தார்கள். முன்பு கயிறிழுத்தலில் எதிரெதிராகப் பிடித்திழுத்த அதே கயிறு. பிள்ளைகளுக்குத் தெரியாமல் இப்படியெல்லாம் ஏற்பாடு செய்து பார்த்தது சரியல்ல என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கயிறு எனக்கு மறப்பதில்லை. ஆகவே முகாம் நடத்துபவர்களிடம், எத்தனை தமிழ்ப் பிள்ளை, எத்தனை சிங்களப் பிள்ளை என்று கேட்காதீர்கள். யார் யாரோடு சேர்ந்து சமைப்பார்கள், தண்ணீர் அள்ளுவார்கள், கோப்பை கழுவுவார்கள் என்று கேளுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூடாரத்தில் என்றால், கலந்து போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இரவில் பெண் பிள்ளைகளோடு எந்தப் பெண்கள் தங்குகிறார்கள், ஆற்றில் குளிக்க இறக்குவார்களா, இறக்கினால் நீச்சலும் உயிர்காப்பும் தெரிந்தவர் யார், டொக்டர் எவ்வளவு தூரம், எல்லாம் கேளுங்கள். இப்படிக் கேட்டதற்கு முகம் சுழிக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், அல்லது "அம்மாவிடம் சொல்லாதே" என்றால், யாராக இருந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று மகளிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

மாமிக்கு ஒரு வேலை இருக்கிறது. போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை மகளுக்கு முட்டை அவிக்கவும், புட்டுக்கு மா குழைக்கவும் அவர் பழக்கட்டும். நீங்கள் குசினிக்குள் போக வேண்டாம். நான்கு நாள் கழித்துப் பிள்ளை வந்து இறங்கும்போது பஸ் நிற்கும் இடத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள். "அழுதியா? சாப்பாடு எப்பிடி?" என்று துருவிக் கேட்க வேண்டாம். பசிக்குதா என்று மட்டும் கேட்டு வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். கதை தானாக வரும், முதலில் அப்பம்மாவிடம்தான் வரும் என்று நினைக்கிறேன். அழுக்கு உடுப்பை அவளே வாளியில் ஊறப் போடட்டும்.

செப்டெம்பரில் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மாமி என்ன சொன்னார் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.